“இதைப் படிச்சு என்ன பயன்?” என்று கேட்ட எல்லோருக்கும்



பதிவு நீளம். பாதியிலேயே ‘சூப்பர் டீச்சர்’ என்று கட்டைவிரல் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இப்போதே போய்விடலாம். முழுவதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்கள் வாருங்கள், காத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காத மாணவர்களுக்காகச் சொல்கிறேன். என் ஒன்றுவிட்ட தம்பியின் மகன், பள்ளியில் என்னிடம் படித்தவன், வீட்டில் என்னை அத்தை என்பவன், தன் மகளின் எம்.எஸ்சி. புராஜெக்ட் தலைப்பைக் குழுவில் போட்டான். ‘நுண்ணலை புரோப் கொண்டு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வைக் கண்டறிதல்’ என்பது தலைப்பு. கூடவே ஒரு வரி: “இதை முடிச்சிட்டு இதுலயே பிஎச்.டி. பண்ணப் போறாளாம். நீங்க சொன்னாத்தான் கேப்பா. வேண்டாம்னு சொல்லுங்க அத்தை.”

அதன் கீழே மளமளவென்று பதில்கள் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். மூன்று வகைதான்.

ஒன்று: “ஈ.எஸ்.ஆர்.னா ரத்த டெஸ்ட்தானே? அதுக்கு எதுக்கு எம்.எஸ்சி.? லேப் டெக்னீஷியன் கோர்ஸ் போதுமே.”

இரண்டு: மைக்ரோவேவ் கதிர் பட்டால் பெண்களுக்குக் குழந்தை தங்காது என்று யாரோ பேசி அனுப்பிய ஒரு குரல் பதிவு. அதற்குக் கீழே ஏழு பேர் கை கூப்பியிருந்தார்கள். எதற்கு கை கூப்பினார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மூன்று: “கண்ணுக்கே தெரியாத எலக்ட்ரான் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்த்து என்ன ஆகப்போகுது? கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சா அஞ்சு வருஷத்துல வீடு கட்டலாம்.”

அந்தப் பெண் குழுவில் இருக்கிறாள். எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு எழுத்துகூடப் பதில் போடவில்லை. இரவு எனக்குப் போன் செய்து, “பாட்டி, நான் தப்பான இடத்துக்கு வந்துட்டேனா?” என்று கேட்டாள். அந்தக் குரலுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியல் பட்டதாரி இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியை. எட்டாம் வகுப்புக்கு மேல் பாடம் எடுத்ததில்லை. அந்தப் பெண் மூன்று மாலை நேரம் வீடியோவில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு நானாகத் தேடிப் படித்தேன். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும். புரியாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் பயனில்லை என்று சொல்கிறீர்கள். அதுதான் எனக்குக் கோபம்.

முதல் வகைக்குப் பதில் சுருக்கம். ரத்தப் பரிசோதனை ஈ.எஸ்.ஆர். என்பது சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் குழாயில் எவ்வளவு கீழே படிகின்றன என்ற கணக்கு. இவள் படிப்பது வேறு. இரண்டுக்கும் சுருக்கெழுத்து ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். நம் ஊரில் இரண்டு செல்வி இருந்தால் இரண்டு பேரும் ஒரே ஆளா?

சரி, இவள் படிப்பது என்ன?

ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். பம்பரம் போலச் சுற்றுகிறது என்று பாடப்புத்தகம் படம் போடும். உண்மையில் அது பம்பரம் இல்லை, ஆனால் காந்தம் என்பது உண்மை. பெரும்பாலான பொருள்களில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்கும். காந்தத் தன்மை ஒன்றையொன்று அடித்துவிடும். சில இடங்களில் மட்டும் ஜோடி இல்லாத எலக்ட்ரான் ஒன்று தனியாக நிற்கும். கதிர்வீச்சு பட்ட பல்லில், எரிந்த கரியில், செம்பு, மாங்கனீசு போன்ற உலோக அயனிகளில், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில்கூட இப்படிப்பட்டவை இருக்கின்றன.

அந்தத் தனி எலக்ட்ரானை ஒரு காந்தப்புலத்தில் வைத்தால் அதற்கு இரண்டு நிலை உண்டு. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் புரட்ட, சரியான அதிர்வெண் கொண்ட அலை வேண்டும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தான் ஏறும், கண்டபடி தள்ளினால் ஏறாது, அதே கதைதான். 3,400 காஸ் காந்தப்புலத்தில் அந்தச் சரியான அதிர்வெண் ஏறக்குறைய 9.5 கிகாஹெர்ட்ஸ். அது நுண்ணலை, அதாவது மைக்ரோவேவ். எலக்ட்ரான் புரளும்போது அலையிலிருந்து துளி ஆற்றலை எடுத்துக்கொள்ளும். அந்தத் துளிக் குறைவை அளந்தால், ‘இங்கே ஜோடியில்லாத எலக்ட்ரான் இருக்கிறது, அதன் சுற்றுப்புறம் இப்படி’ என்று சொல்லிவிடலாம்.

இதை முதலில் கண்டவர் எவ்கேனி சவோய்ஸ்கி. 1944, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, சோவியத் நாட்டின் கசான் நகரப் பல்கலைக்கழகத்தில். போர் முடிந்த பிறகு ராடாருக்காகச் செய்த நுண்ணலைச் சாமான்கள் ஆய்வுக்கூடங்களுக்குக் கிடைத்தன. ஆக்ஸ்ஃபோர்டு போன்ற இடங்களில் அவற்றை வைத்துத்தான் இந்தத் துறை வளர்ந்தது. நுண்ணலை என்றதும் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்காதீர்கள். 1890களிலேயே கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் நீள அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தவர். அவரிடமும் யாராவது ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்டிருப்பார்கள்.

இனி இரண்டாம் வகைக்கு வருகிறேன். இது எனக்கு அதிகம் வலித்தது.

குரல் பதிவை அனுப்பிய தம்பி, உன் வீட்டிலேயே மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறது. அதன் திறன் 800 வாட் இருக்கும். இவள் ஆய்வுக்கூடத்தில் இருப்பது போன்ற மேசைக் கருவியில் நுண்ணலையின் உச்சத் திறன் 200 மில்லிவாட் அளவு. கணக்குப் போட்டுப் பார், நாலாயிரத்தில் ஒரு பங்கு. சிறிய புரோப்பில் இன்னும் குறைத்து, சில மில்லிவாட்டிலேயே வேலை பார்க்கலாம். அந்த அலையும் அறை முழுக்கப் பரவுவதில்லை. வளையத்தை ஒட்டியே நிற்கிறது.

திறன் ஒரு பக்கம் இருக்கட்டும். எக்ஸ்ரே ஆபத்து என்பது, அதன் ஒவ்வொரு துகளுக்கும் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் பலம் இருப்பதால். அப்படிப் பிய்க்க ஏறக்குறைய 10 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 9.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைத் துகளின் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் இலட்சத்தில் நாலு பங்கு. இரண்டரை இலட்சம் மடங்கு வித்தியாசம். நுண்ணலை அதிகமானால் சூடாக்கும். அதனால்தான் அதற்குப் பாதுகாப்பு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதை நான் மறைக்கவில்லை. இந்தக் கருவியில் நிஜமாக எச்சரிக்கை சொல்ல வேண்டிய விஷயம் வேறொன்று: பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அந்தப் பெரிய காந்தத்தின் அருகே போகக் கூடாது. உன் குரல் பதிவில் அது மட்டும் இல்லை. பயமுறுத்தத் தெரிந்தவருக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த ஆய்வுக்கூடத்தில் பையன்களும் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு குரல் பதிவும் வரவில்லையே? ஏன்? நுண்ணலை பெண்பிள்ளை என்று பார்த்துத்தான் படுமா? படிப்பை நிறுத்த வேண்டும் என்று முதலில் முடிவெடுத்துவிட்டு, காரணத்தைப் பிறகு தேடுகிறோம். எங்கள் காலத்தில் ‘சைக்கிள் ஓட்டினால் கர்ப்பப்பை இறங்கிவிடும்’ என்றார்கள். இப்போது மைக்ரோவேவ். பயத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது.

மூன்றாவது வகை, ‘என்ன பயன்’. இதற்குத்தான் பதிவின் மீதி முழுவதும்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று நாம் எல்லோரும் சொல்வோம். நல்ல பழமொழி. ஆனால் அது எப்போது சரி? பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால் சரி. அடிப்பிடித்த பொங்கல் பானையில் மேலே ஒரு சோற்றை எடுத்துப் பாருங்கள், பதமாக இருக்கும். முழுவதையும் கிண்டிவிட்டு ருசி பாருங்கள், எங்கோ லேசாகக் கருகல் வாடை வரும். எங்கே பிடித்தது, எவ்வளவு பிடித்தது என்று இரண்டு முறையிலும் தெரியாது. கரண்டியை அடிவரை விட்டு, இடம் இடமாகப் பார்த்தால்தான் தெரியும்.

வழக்கமான ஈ.எஸ்.ஆர். கருவி கிண்டிவிட்டு ருசி பார்க்கிற முறை. ஒரு உலோகப் பெட்டிக்குள் நுண்ணலை நிற்கும். ஆராய வேண்டிய பொருளைப் பொடித்து, பென்சில் தடிமன்கூட இல்லாத குழாயில் போட்டு, அந்தப் பெட்டியின் நடுவில் நிறுத்துவார்கள். பெட்டிக்குள் இருப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கோடு வரும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பல கேள்விகளுக்கு அது போதும். ஆனால் எங்கே என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. பொருளை உடைக்காமல், வெட்டாமல், பொடிக்காமல் பார் என்றாலும் முடியாது. ஈரமான உயிருள்ள உடம்பைப் பார் என்றால் இன்னும் கஷ்டம். தண்ணீர் நுண்ணலையை உறிஞ்சிக்கொள்ளும், பெட்டியின் வேலையே கெட்டுவிடும்.

அதற்குத்தான் புரோப். பெட்டிக்குள் பொருளைக் கொண்டுபோகாமல், நுண்ணலையைப் பொருளிடம் கொண்டுபோவது. கம்பியின் நுனியில் ஒரு சின்ன வளையம். அதைப் பொருளின் மேல், தொடாத குறையாக வைக்கிறார்கள். இங்கே ஒரு நல்ல கேள்வி வரும். 9.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல். அவ்வளவு நீள அலையை வைத்து அதைவிடச் சின்ன இடத்தை எப்படித் தனியாகப் பார்ப்பது? நானும் கேட்டேன். “பாட்டி, அலை தூரம் போன பிறகுதான் அந்தக் கட்டுப்பாடு. வளையத்துக்குப் பக்கத்துலயே நின்னா, வளையம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு இடம்தான் தெரியும்” என்றாள். ஒரு மில்லிமீட்டர் வளையம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடம். பக்கத்தில் போனால் போதும். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பதும் இதற்குத்தானே? அறையின் நடுவில் மைக் வைத்து யாரும் இதயத்துடிப்பைக் கேட்பதில்லை.

ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மோட்டோஜி இகேயா என்றொரு விஞ்ஞானி இருந்தார். 1975இல் அகியோஷி குகையில் தொங்கும் சுண்ணாம்புக் கல் விழுது எத்தனை ஆண்டு பழையது என்று ஈ.எஸ்.ஆர். வைத்துக் கணித்தவர். பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. நுண்ணலைப் பெட்டியின் சுவரில் ஒரு சின்ன ஓட்டை போட்டார். அந்த ஓட்டையில் கசியும் அலைக்கு முன்னால் புதைபடிவத்தை வைத்து, மெல்ல மெல்ல நகர்த்தினார். எந்த இடத்தில் தனி எலக்ட்ரான் அதிகம், எங்கே குறைவு என்று ஒரு படமே வந்துவிட்டது. பொடிக்காமல், இடம் இடமாக. பெட்டியில் ஓட்டை விழுந்தால் கருவி கெட்டுவிட்டது என்று நாம் தூக்கிப் போட்டிருப்போம்.

சரி டீச்சர், கல்லும் புதைபடிவமும் எங்களுக்கு எதற்கு என்பீர்கள். மனிதனுக்கு வருகிறேன்.

நம் பல்லின் எனாமல் ஒரு சாட்சிப் பெட்டி. கதிர்வீச்சு பட்டால் அதில் ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுகள் உண்டாகி அப்படியே சிறைப்பட்டுவிடும். அவை எளிதில் அழிவதில்லை. பல ஆயிரம் ஆண்டு பழைய பற்களின் வயதை அதை வைத்துத்தான் கணிக்கிறார்கள். ஹிரோஷிமாவில் தப்பியவர்களின் பற்கள், 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு அந்தப் பகுதி மக்களின் பற்கள், ரஷ்யாவின் தேச்சா ஆற்றங்கரை மக்களின் பற்கள் என்று இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள்.

விபத்து நடந்தால் அரசாங்கம் என்ன சொல்லும்? ‘இந்தப் பகுதியில் சராசரி அளவு இவ்வளவு’ என்று சொல்லும். சராசரி எந்த மனிதனின் உடம்பிலும் படுவதில்லை. அன்று வீட்டுக்குள் இருந்தவருக்கு ஒரு அளவு, வயலில் நின்றவருக்கு இன்னொரு அளவு. ‘என் மேல எவ்வளவு பட்டுச்சு?’ என்று ஒரு அம்மா கேட்டால் சராசரி அவருக்குப் பதில் ஆகாது. அவருடைய பல்தான் பதில் சொல்லும். ஆனால் பழைய முறையில் அதற்குப் பல்லைப் பிடுங்கிப் பொடிக்க வேண்டும். ஆரோக்கியமான பல்லை யார் பிடுங்கக் கொடுப்பார்கள்?

அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் ஹரோல்ட் ஸ்வார்ட்ஸ் என்பவரின் குழு இதற்கு வழி செய்தது. அதிர்வெண்ணை 1.2 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கினார்கள். அப்போது ஈரம் அவ்வளவு தொந்தரவு செய்யாது, காந்தப்புலமும் 430 காஸ் அளவு போதும். தலையைக் காந்தத்துக்கு நடுவே வைத்து, முன்பல்லின் மேல் ஒரு சின்ன வளையத்தை வைக்கிறார்கள். பல் வாயிலேயே இருக்கிறது. சில நிமிடங்களில் அளவு தெரிகிறது. 2 கிரே அளவுக்கு மேல் கதிர் பட்டவர்களை, உடனே சிகிச்சை வேண்டியவர்கள் என்று கூட்டத்திலிருந்து பிரித்தெடுப்பது இதன் நோக்கம். ஆயிரம் பேர் பயந்துபோய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது, யார் வீட்டுக்குப் போகலாம், யாரை உள்ளே படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லும் வளையம் அது. இதற்கு என்ன பயன் என்று இன்னொரு முறை கேளுங்கள் பார்ப்போம்.

அடுத்தது உறவுகளுக்கு மட்டும். நம் பெரியக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிக்குக் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு பக்கம் சுருங்கியது, ஒரு பக்கம் சுருங்கவில்லை. “ஏன் டாக்டர்?” என்று நான்தான் கேட்டேன். “சில கட்டி அப்படித்தாம்மா” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் இருந்த பதில் அதுதான். பிறகு படித்துத்தான் எனக்குத் தெரிந்தது: ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இருக்கும் புற்றுச் செல்லைக் கொல்ல, இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். இரத்தக் குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாமல் போய்விடும் என்பதை 1955லேயே கண்டிருக்கிறார்கள். பெரியக்காவுக்கு நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல யாராலும் முடியாது. யாரும் அந்த இடத்தில் அளந்து பார்க்கவில்லை. அதுதான் என் ஆதங்கம்.

அளக்க முடியுமா? முடியும். ஆக்சிஜனுக்கே ஜோடியில்லாத எலக்ட்ரான் இரண்டு உண்டு என்றேன் அல்லவா? அது பக்கத்தில் வந்தால், இன்னொரு பொருளின் ஈ.எஸ்.ஆர். கோடு அகலமாகிவிடும். கோடு எவ்வளவு அகலமோ அவ்வளவு ஆக்சிஜன். நாம் படம் வரையும் கறுப்பு இந்தியன் இங்க் இருக்கிறதே, அதன் கரித்துகள்களையே தோலுக்கடியில் வைத்து, மேலே வளையத்தைப் பிடித்து மனிதர்களில் ஆக்சிஜன் அளந்திருக்கிறார்கள். அதே டார்ட்மவுத்தில் பெரியண்ணன் குப்புசாமி என்ற விஞ்ஞானியின் குழு, ‘ஆக்ஸிசிப்’ என்று மிகச் சிறிய ஒரு பொருளைச் செய்தது. ஆக்சிஜனுக்கு மசியும் படிகத் துகள்களை ரப்பர் போன்ற ஒன்றுக்குள் பொதிந்தது அது. கட்டிக்குள் வைத்துவிட்டால், வெளியே வளையம் வைத்துத் திரும்பத் திரும்ப அளக்கலாம். நோயாளிகளிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டீர்களா? பெரியண்ணன் குப்புசாமி. அவர் வீட்டிலும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் குறைகளையும் சொல்கிறேன். இது இன்னும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும் கருவி இல்லை. வளையம் மேலோட்டமாகத்தான் பார்க்கும். அதன் அகலத்தில் ஏறக்குறைய பாதி ஆழம் போனதுமே குரல் தேய்ந்துவிடும். நோயாளி லேசாக அசைந்தாலும் அளவு ஆடும். அதற்கும் மேலே ஒரு பெரிய தொல்லை உண்டு. அறை வெப்பநிலையில் 9.5 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1,300 எலக்ட்ரான்களில் ஒன்றே ஒன்றுதான் மிச்சமாக நின்று நமக்குச் சைகை தருகிறது. மற்றவை மேலும் கீழுமாக ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. பார்க்கும் இடம் சின்னதாக ஆக ஆக எண்ணிக்கையும் குறையும். சந்தை இரைச்சலில் ஒரு குழந்தையின் முனகலைக் கேட்பது போன்ற வேலை. இதை எப்படிச் சரிசெய்வது, வளையத்தை எப்படி வடிவமைப்பது என்பதுதான் அந்தப் பெண்ணின் புராஜெக்ட். வேலை முடியவில்லை என்பதால்தானே ஆள் வேண்டியிருக்கிறது?

முடியாத வேலையும் இல்லை. 2004இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு எலக்ட்ரானின் தற்சுழற்சியைக் கண்டுகாட்டினார்கள். 2015இல் அதே ஐபிஎம் அல்மாடன் ஆய்வுக்கூடத்தில், ஊசிமுனை ஒன்றை ஒற்றை இரும்பு அணுவின் மேல் நிறுத்தி அதன் ஒத்ததிர்வை அளந்தார்கள். பொடித்துக் குழாயில் போட்ட காலத்திலிருந்து ஒற்றை அணுவரை வந்திருக்கிறார்கள். எல்லாம் பக்கத்தில் போனதால் கிடைத்தது.

கம்ப்யூட்டர் கோர்ஸ் சொன்னவர்களுக்கும் ஒன்று. உங்கள் கைபேசிக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லில், சிலிக்கானும் அதன் ஆக்சைடும் சேரும் இடத்தில் ஜோடியில்லாமல் தொங்கும் எலக்ட்ரான்கள் சில்லைக் கெடுக்கும். அந்தக் குறை இன்னதென்று அடையாளம் காட்டியது இதே ஈ.எஸ்.ஆர். தான். நீங்கள் “இதனால் என்ன பயன்” என்று தட்டச்சு செய்த கருவியிலேயே பதில் இருக்கிறது.

பணம்? அதையும் பேசுவோம், வெட்கம் எதற்கு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அவள் அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவர்களுக்கு வீடு உத்தரவாதம் என்று நீங்கள் தருவீர்களா?

கடைசியாக, தம்பி, இது உனக்கு.

நீ ஏழாம் வகுப்பு என்னிடம் படித்தபோது வகுப்பில் 42 பேர். கணக்கில் வகுப்புச் சராசரி 61. ஏ.இ.ஓ. பார்வைக்கு வந்தவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “நல்ல வகுப்பு டீச்சர்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எனக்கும் பெருமை. அந்த 61க்குள் உன் 19 இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். மூன்று மாதம் நான் மேசையில் நின்றபடி உன்னை ‘கவனம் இல்லாத பையன்’ என்று திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை பிரம்பையும் எடுத்தேன். அதை இன்றும் மறக்கவில்லை.

ஒருநாள் ஏதோ காரணமாக உன் பெஞ்சில், உன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன், நீ கரும்பலகையைப் பார்க்கவே இல்லை. பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாய். அவன் தப்பாக எழுதினால் நீயும் தப்பாக எழுதினாய். “பலகையில என்ன இருக்கு, படி” என்றேன். “வெள்ளையா இருக்கு டீச்சர்” என்றாய். அடுத்த வாரம் உனக்குக் கண்ணாடி வந்தது. ஆண்டுத் தேர்வில் நீ எடுத்த மதிப்பெண் உனக்கே நினைவிருக்கும்.

சராசரி உன்னைக் காட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுதான் காட்டியது. உன் மகள் செய்வதும் அதே வேலை. பல்லுக்கும் கட்டிக்கும் சில்லுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘மொத்தத்தில் எவ்வளவு’ என்று கேட்காமல், ‘இந்த இடத்தில் என்ன’ என்று கேட்கிறாள். அதற்கு வேண்டிய வளையத்தைத் தன் கையால் செய்கிறாள். அதை வேண்டாம் என்று சொல்லச் சொல்லி என்னிடமே கேட்கிறாயே?

நீ ஒரு காரியம் செய். குழுவில் கேட்காதே, போனிலும் கேட்காதே. பஸ் ஏறி அவள் கல்லூரிக்குப் போ. அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார். திரையில் அந்தக் கோடு வரும்போது அவள் முகத்தைப் பார். அதன் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் எனக்குப் போன் பண்ணு, பேசுவோம்.

நான் அவளிடம் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியதை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: படி கண்ணு. பாட்டி இருக்கேன்.

பாடத்தில் நான் எங்காவது தப்பாகச் சொல்லியிருந்தால் இயற்பியல் படித்த என் மாணவர்கள் கீழே திருத்துங்கள், ஏற்றுக்கொள்வேன். குரல் பதிவு மட்டும் யாரும் அனுப்பாதீர்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்